கேட்காமல் ஆட்டிய தலை

இலவசக் காது பரிசோதனை என்று கடை வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பெங்களூர் தொம்மலூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து இந்திரா நகர்ப் பக்கமாக நடந்தால் அந்தக் கடை வரும். காது மிஷின் விற்கிற கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலாற நடக்கும்போது, அதன் அருகே வந்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். கண்ணாடிக் கதவுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நரைத்த தலைகள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

இடது காது மந்தமாகி வெகு நாளாகிவிட்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் சளியோடு சேர்ந்து காதுவலி வந்தது. வலி போனது, காது திரும்பவில்லை. பஞ்சு அடைத்த மாதிரியே இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டேன். பிறகு, சரியாகவில்லை என்று தெரிந்ததும், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். கூட்டங்களில் இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்காருவேன். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பேன். யாராவது ஏதாவது கேட்டு, அது விளங்காவிட்டால், முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன். பெரும்பாலான கேள்விகளுக்குத் தலையாட்டினாலே போதும் என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன்.

வெவ்வேறு கம்பெனிகளின் ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கிற வேலை எங்களுடையது. ஒரு நாள் தொலைபேசியில் வாடிக்கையாளர் சொன்ன பெயரைத் தவறாக வாங்கிக்கொண்டு, யாரோ ஒருவருக்குப் பதிலாக வேறொருவரின் சம்பளத்தை நிறுத்தி வைக்கப் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, அவரு இல்லக்கா, இன்னொருத்தரு" என்று சொல்லித் தடுத்தாள். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்று மதியம் நடைபாதை மாறாமல் நேராக அந்தக் கடைக்குள் போனேன்.

வரவேற்பில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். முதலில் கன்னடத்தில் பேசினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். கையில் டேப் என்கிற தொடுதிரைப் பலகையை வைத்துக்கொண்டு என் பெயரையும் ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். ரிப்போர்ட் அனுப்ப மெயில் ஐடி வேண்டும் என்றாள். என் சொந்த மெயில் ஐடியில் புள்ளியும் எண்களும் குழப்பமாக இருக்கும். நான் சொல்ல, அவள் ஏதோ திருப்பிக் கேட்க, அது எனக்கு விளங்காமல் நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல, பின்னால் இருந்தவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி பதிலை எப்படியாவது முடித்தால் போதும் என்று கைப்பையிலிருந்து அலுவலக விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டாள்.

பிறகு என் இடப்பக்கம் வந்து நின்று, டேப்பைப் பார்த்து எதையோ வேகமாக வாசித்தாள். யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். சாலையின் இரைச்சல் முழுவதும் கூடவே வந்தது. "ரிப்போர்ட்" என்ற சொல்லும், கடைசியில் "ஓகேவா மேடம்?" என்பதும்தான் என் காதில் விழுந்தன. தலையாட்டினேன். டேப்பில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டாள். அவ்வளவுதான்.

சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதில் அழுத்தினேன். இடது காதுக்கு மாற்றியபின், இன்னும் தொடங்கவில்லை போல என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடங்கி நேரமாகியிருக்கிறது.

வெளியே வந்ததும் என் வலப்பக்கம் வந்து மெதுவாகப் பேசினாள். "மொதல்ல ஈஎன்டி டாக்டர பாருங்க மேடம். மிஷின் எல்லாம் அப்புறம் வாங்கலாம், அவசரம் இல்ல." விற்கிற இடத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னாளே என்று அப்போது எனக்கு நன்றியாக இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட் மாலையிலேயே வந்தது. ஒருவரிடமும் காட்டவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

அடுத்த வாரம் மற்ற மெயில்கள் வரத் தொடங்கின. முதலில் அந்தக் கடையிலிருந்தே, காது மிஷினுக்குத் தள்ளுபடி என்று. அதன் பின் நான் கேள்விப்படாத கம்பெனிகளிலிருந்து. காதுக்குள் விடும் மூலிகை எண்ணெய். நினைவாற்றலுக்கு மாத்திரை. மூத்த குடிமக்களுக்கான காப்பீடு. கைப்பிடி வைத்த குளியலறை நாற்காலி. கனகபுரா ரோட்டுப் பக்கம் முதியோருக்கான குடியிருப்பு. அந்தி வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழத் தம்பதியின் படத்துடன். காது கேட்கவில்லை என்ற ஒரு தகவலை வைத்து எங்கேயோ உட்கார்ந்து யாரோ என்னைக் கிழவியாக்கிவிட்டார்கள். வந்த மெயிலையெல்லாம் அழித்தேன். கீழே பொடி எழுத்தில் இருக்கும் "இனி அனுப்ப வேண்டாம்" என்பதை அழுத்தினேன். ஒன்றை நிறுத்தினால் வேறு பெயரில் இன்னொன்று வந்தது.

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அலுவலக மெயில் அது. கணினிப் பிரிவில் இருப்பவர்கள் பார்ப்பார்களோ, மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் இருக்கைக்கு வந்ததும் முதல் வேலையாக அவற்றைத் துடைத்துப் போட்டுவிடுவேன்.

மாதக் கணக்கைக் காட்டுகிற கூட்டம் வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேரும் வந்திருந்தார்கள். என் மடிக்கணினியைச் சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்துவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில், புது மெயில் வந்ததைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்தது. எல்லோருடைய கண்களும் அங்கே போனதைப் பார்த்த பிறகுதான் நான் திரும்பினேன். ஆங்கிலத்தில் என் பெயரைப் போட்டு எழுதியிருந்தது. காது சரியாகக் கேட்கவில்லையா? வெட்கப்படாதீர்கள், உங்கள் ரிப்போர்ட்டுக்கு ஏற்ற மிஷின் எங்களிடம் இருக்கிறது.

அந்தப் பெட்டி தானாக மறைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. வெகு நேரம் நின்றது. வந்திருந்தவர்களில் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். கன்னடக்காரரான எங்கள் மேலாளர் நல்ல மனிதர். "நெக்ஸ்ட் பேஜ் போகலாம்" என்று ஒன்றும் நடக்காத மாதிரி சொன்னார். வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். அந்தக் குரல்தான் என்னைக் கொன்றது.

கூட்டம் முடிந்து கேன்டீனின் மூலையில் போய் உட்கார்ந்தேன். மர்பி டவுன் பெண் இரண்டு டீயோடு வந்தாள். என் வலப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேஜார் பண்ணிக்காதக்கா."

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"இன்னாக்கா நீ? எங்களுக்கு எப்பவோ தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீ லெப்ட் சைடுல கூப்ட்டா திரும்ப மாட்ட. அதான் நாங்கல்லாம் ரைட்டுலயே வந்து பேசறோம். போன் வந்தா நான் எட்டிப் பாக்கறது எதுக்குன்னு நெனச்ச? சார்கூட ஒருக்கா சொன்னாரு, அவங்களுக்கு மெயில்ல அனுப்பிடுங்க, வாயால சொல்லாதீங்கன்னு."

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். குழு முழுவதும் என்னைச் சுற்றி இடம் மாறி மாறி நின்றுகொண்டு, நான் மறைப்பதைத் தாங்களும் சேர்ந்து மறைத்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் கேலி செய்திருந்தால்கூட அவ்வளவு குன்றிப்போயிருக்க மாட்டேன்.

"சரி, அந்த மெயிலு எப்டி ஆபீஸ் ஐடிக்கு வருது? நீ குடுத்தியா?" என்று கேட்டாள்.

கடையைப் பற்றிச் சொன்னேன். கணினிப் பிரிவில் சொல்லித் தடுக்கச் சொன்னாள். போனேன். அங்கிருந்தவர் எந்தெந்தச் சொல் இருக்கும் மெயிலைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். "காது" என்றேன். "இன்னும்?" என்றார். "செவிடு" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். "முதுமை" என்பதற்கான சொல்லையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். பக்கத்து மேசைக்காரர்கள் மிகக் கவனமாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நாங்கள் இருவரும் ஆம்பூர்க்காரர்கள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, டிவியைப் போடப் போனவரை நிறுத்திச் சொன்னேன். கடை, ரிப்போர்ட், மெயில்கள், கூட்ட அறை எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்க அக்கா விஷயம் சொன்னப்போ உனக்குக் கேக்கலயா?" என்றார்.

"எந்த விஷயம்?"

"போன தீபாவளிக்கு முன்னாடி. அக்காவுக்குக் கண்ணு ஆபரேஷன், இங்க வந்து பண்ணிக்கட்டுமா, ஒரு மாசம் நம்ம கூட இருக்கட்டுமான்னு கேட்டேன். நீ அடுப்புப் பக்கம் நின்னுக்கினு இருந்த. திரும்பவே இல்ல. ரெண்டாந்தரம் கேட்டேன். பேசாம இருந்துட்ட. சரி, இஷ்டம் இல்ல போலன்னு விட்டுட்டேன். அக்காகிட்ட இங்க வசதிப்படாதுன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம்ல?"

"எத்தன வாட்டி கேக்கறது? நீ முன்ன மாதிரி இல்ல, எது சொன்னாலும் கண்டுக்கறதில்லன்னு நெனச்சேன். அப்புறம் பேசறதையே கொறச்சிக்கிட்டேன்."

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். வீட்டில் பேச்சு குறைந்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனாருக்கு அப்போதே ஃபோன் செய்தேன். அவர் ஊரிலேயே ஆபரேஷன் செய்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொடுத்து, எல்லாம் முடிந்துபோயிருந்தது. "எனக்குக் காதுல விழல அண்ணி. விழுந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பனா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஃபோனை அழுத்திப் பிடித்தேன்.

"அந்தக் கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் சொல்லலன்னா நீ இன்னும் சொல்லியிருக்க மாட்டல்ல?" என்றார் நாத்தனார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக அந்தக் கம்பெனி செய்தது சரியாகிவிடாது என்பதும் உண்மை. நான் எப்போது, யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வது என்பது என்னுடையது. அதை வேறு யாரோ எடுத்து விற்றுவிட்டார்கள். ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். என் மெயில் ஐடியையும் ரிப்போர்ட் விவரத்தையும் மற்றவர்களுக்குக் கொடுக்க யார் அனுமதித்தது என்று கேட்டேன். வாடிக்கையாளரின் சம்மதம் கடையிலேயே பெறப்பட்டுப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. சனிக்கிழமை கணவரோடு நேரில் போனேன்.

கடை மேலாளர் டை கட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடி எடுத்தார். என்னிடம் பேசாமல் கணவரைப் பார்த்துப் பேசினார். "சார், மேடம் கன்சென்ட் குடுத்திருக்காங்க. எங்க பார்ட்னர் கம்பெனிங்களோட ஷேர் பண்ணலாம்னு. இதோ, டிக் இருக்கு பாருங்க."

"டிக் பண்ணது நான் இல்ல," என்றேன்.

நீலக் கோட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவளுக்கு என்னை நினைவிருந்தது. "நான் படிச்சுக் காட்னேன் மேடம். ஓகேவான்னு கேட்டேன். நீங்க தலையாட்னீங்க. அப்புறம்தான் டிக் பண்ணேன்," என்றாள். பொய் இல்லை. அப்படித்தான் நடந்தது.

நாற்காலிகளில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர், அவருடைய மகள், வேறு சிலர். கணவர் என் சார்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் கேக்கல," என்றேன். "இவங்க படிச்சது எனக்கு ஒண்ணுமே கேக்கல. இடது பக்கம் நின்னு படிச்சாங்க. எனக்கு இடது காது கேக்காது. கேக்காமலேதான் தலையாட்டினேன்."

"என்னம்மா சொல்றாங்க?" என்று பெரியவர் மகளிடம் கேட்டார்.

மகள் அவர் காதருகே குனிந்து, கடை முழுவதும் கேட்கும்படி, "அவங்களுக்குக் காது கேக்கலையாம்பா! கேக்காமயே சரின்னுட்டாங்களாம்!" என்றாள்.

"நானுந்தான் தலையாட்டினேன். எதுக்குன்னு தெரியாது," என்றார் பெரியவர்.

என் முகம் எரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "காது கேக்காதவங்க வர்ற கடை இது. இங்க வாயால படிச்சுக் காட்டிச் சம்மதம் வாங்கறீங்க. எழுத்துல குடுத்தா நான் படிச்சிருப்பேன். படிச்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். யார் யாருக்குக் குடுத்தீங்க, அதச் சொல்லுங்க."

மேலாளருக்கு அது தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை என்று முகத்தைப் பார்த்தால் புரிந்தது. எல்லாம் தலைமை அலுவலகத்தின் சிஸ்டத்தில் போய்விடும் என்றார். தங்களிடமிருந்து என் விவரத்தை நீக்கச் சொல்கிறேன், ஏற்கெனவே போனதைத் திரும்ப வாங்க முடியாது என்றார். அப்புறம், அவருக்கும் யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்ததால், அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் திட்டினார். உனக்கு எத்தனை தரம் சொல்வது, வாடிக்கையாளருக்குப் புரிந்ததா என்று பார்க்க மாட்டாயா என்று. அவள் டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"அவங்கள விடுங்க. அவங்களுக்கு யார் இப்படிச் செய்யச் சொன்னாங்களோ அவங்களத் திட்டுங்க," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அந்தக் கடையின் பெயரில் மெயில் வருவது நின்றது. மற்றவை நிற்கவில்லை. இன்றும் வருகின்றன, தடுப்பில் சிக்கித் தனி இடத்தில் சேர்கின்றன. பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ஈஎன்டி டாக்டரைப் பார்த்தேன். இன்னும் முன்பே வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். காதில் மெழுகு மாதிரி ஏதோ வைத்து அளவெடுத்துக்கொண்டார்கள். மிஷின் தயாரானதும் மெயில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நாளாகியும் வரவில்லை. விசாரித்தால் எப்போதோ அனுப்பிவிட்டார்களாம். அதில் காது என்ற சொல் இருந்ததால் அதுவும் தடுப்பில் மாட்டியிருந்தது. முதியோர் குடியிருப்புக்கும் குளியலறை நாற்காலிக்கும் நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்தேன்.

மிஷின் இப்போது காதில் இருக்கிறது. அதன் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொள்வேன். மர்பி டவுன் பெண் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இன்னும் மூடிக்கினு இருக்க?" என்பாள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு மதியம் அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிக்குள் நீலக் கோட்டில் வேறொரு பெண் நின்றிருந்தாள். பழைய பெண்ணைக் காணவில்லை. இன்னொரு நாள், வேறொரு நேரத்தில் போய்ப் பார்த்தேன். அன்றும் இல்லை. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கதவு வரை போனேன். முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவள். என்னால் வேலை போனது என்று யாராவது சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வேற நல்ல வேல கெடச்சுப் போயிருக்கும்," என்றார். தெளிவாகக் கேட்டது. தலையாட்டவில்லை.